நாற்பத்தேழாம் எண் வீட்டுக்காரர்

அறுபத்திரண்டு குடும்பங்களில் அறுபத்தொரு குடும்பம் கையெழுத்துப் போட்டுவிட்டது. மிச்சம் ஒரே ஒரு வீடு, எண் நாற்பத்தேழு. அந்த ஒரு கையெழுத்தை வாங்கிவரும் வேலையை என் தலையில் கட்டினார்கள். எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் பிடிக்காத வேலை ஐந்தாம் மாடியில் பிறக்கும். ஒவ்வொரு மாடியிலும் "எனக்கு வேண்டாம்" என்று கைமாறி, தரைத்தளத்தில் என் மேசைக்கு வந்ததும் களைத்துப்போய் உட்கார்ந்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் நடைமுறை.

என் பெயர் நிகோம். நகர நில மேம்பாட்டு ஆணையத்தில் குடியிருப்போர் பட்டியல் பிரிவு. பாங்காக்கின் கால்வாய்க் கரைகளில் அரசு நிலத்தில் பலகை வீடு கட்டி இருப்பவர்களை விரட்டாமல், அதே இடத்தில் வரிசை வீடுகள் கட்டி முப்பது வருஷக் குத்தகைக்குக் கொடுப்பது எங்கள் திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் பட்டியலில் உள்ள எல்லாக் குடும்பங்களும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று குறைந்தாலும் கோப்பு நகராது. பட்டியலில் இல்லாதவர்களுக்கோ வீடே கிடையாது. அந்தப் பட்டியலை மூடுகிறவன் நான்.

மூடுவது என்றால் லேசுப்பட்ட காரியமில்லை. கவுண்டருக்கு வந்து கெஞ்சுகிறவர்களிடம் "பட்டியல் மூடியாச்சு" என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். அதில் கோபமும் இருக்கக் கூடாது, இரக்கமும் இருக்கக் கூடாது. அந்தக் குரலுக்கு நான் பேர்போனவன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை என் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்வார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் இயக்குநர் ரபிபன் அம்மையார் கூப்பிட்டனுப்பினார்.

"நிகோம், மரப்பாலம் குடியிருப்புல அந்த நாப்பத்தேழு யாரு? ஏன் இன்னும் கையெழுத்துப் போடல? திமிரா?"

"தெரியல மேடம். மூணு தடவை கடிதம் அனுப்பியிருக்கோம். ஒண்ணுக்கும் பதில் இல்ல."

"நேர்ல போங்க. கெஞ்சுங்க, மிரட்டுங்க, கால்ல வேணா விழுங்க. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள கோப்பு அமைச்சகத்துல இருக்கணும். இல்லேன்னா இந்த வருஷத் திட்டம் வேற ஊருக்குப் போயிடும். அறுபத்தொரு குடும்பமும் நம்மளைக் கிழிச்சுத் தொங்கப் போட்டுடும்."

படகுத்துறையில் இறங்கி, பலகைப் பாதையில் நடந்து, குடியிருப்புத் தலைவி லமியட் பெரியம்மாவைத் தேடிப் போனேன். அறுபத்தைந்து வயது. கையில் எப்போதும் ஒரு மாங்காய் இருக்கும், இடுப்பில் மிளகாய் உப்புப் பொட்டலம் இருக்கும். வாய் மட்டும் சும்மா இருக்காது.

"நாப்பத்தேழா?" என்றார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். மாங்காய்த் துண்டு புரையேறும் வரைக்கும் சிரித்தார். "வா தம்பி, வா. நானே கூட்டிட்டுப் போறேன். சட்டை பொத்தானைப் போட்டுக்க. பெரிய இடம்."

"பணக்காரங்களா பெரியம்மா?"

"பணம் கெடக்கு. யானையே ரெண்டு வச்சிருக்காரு."

குடியிருப்பின் நடுவில் ஒரு பெரிய மாமரம். அதன் அடியில், ஒற்றைத் தூணின் மேல், என் நெஞ்சு உயரத்தில், பொன்வண்ணக் கூரையோடு பூமிச்சாமி வீடு. இந்த மண்ணுக்குக் காவல்காரர் குடியிருக்கும் வீடு, ஒரு பறவைக்கூண்டு அளவுக்கு. உள்ளே ஒரு முதிய தம்பதி பொம்மை. வாசலில் காணிக்கையாக வைத்த வேலையாள், நடனக்காரி, யானை, குதிரை, வரிக்குதிரைப் பொம்மைகள், சாமந்தி மாலை, உறிஞ்சுகுழல் செருகிய சிவப்பு சோடா, அதற்கு அடியில் பறக்காமல் செருகிவைத்த எங்கள் ஆணையத்தின் மூன்று கடிதங்கள். கூரை விளிம்பில் ஆணையத்தின் முத்திரையோடு மஞ்சள் ஒட்டுவில்லை. எண் நாற்பத்தேழு.

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"இதோ இருக்காரு. கேளு," என்றார் பெரியம்மா.

நான் செருப்பைக் கழற்றினேன். கும்பிட்டேன். இயக்குநர் சொன்னபடி காலில் விழவும் தயார்தான், கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

கணக்கெடுப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் விச்சியன் என்ற நில அளவையாளர். அங்கேயே நின்று போன் போட்டேன். "ஏன்யா, பூமிச்சாமி வீட்டுக்கா எண் ஒட்டுவே?"

"பின்ன எப்படி சார் விடறது?" என்றார் விச்சியன். குரலில் குற்ற உணர்வு துளியும் இல்லை. "நாப்பத்தாறு வீட்டுக்கு ஒட்டிட்டு வரேன். அடுத்து அவரு. இந்த மண்ணுக்கே சொந்தக்காரரு. அவரைத் தாண்டிப் போய் பக்கத்துல இருக்கற கோழிக்கடைக்கு ஒட்டினா என்ன நினைப்பாரு? ஒரு மரியாதை வேணாமா? ஒட்டாம ரெண்டடி நகந்தேன் சார், அளவைக் கருவியோட கால் ஒடிஞ்சுது. அப்புறமும் ஒட்டாம இருப்பீங்களா நீங்க?"

இருந்திருக்க மாட்டேன் என்பதால் பேச்சை மாற்றினேன். "எண் ஒட்டினது இருக்கட்டும். படிவம் எதுக்கு நிரப்பினே?"

"எண் ஒட்டிட்டுப் படிவம் நிரப்பலைன்னா கருவி அடுத்த வீட்டுக்குப் போக விடாது சார். நீங்க குடுத்த கருவிதானே?"

படிவத்தை என் கைக்கருவியில் திறந்து படித்தேன். குடும்ப உறுப்பினர்கள்: முதியவர் இருவர், பணியாளர்கள் ஆறு, நடனக் கலைஞர்கள் நான்கு. தொழில்: காவல், இரவுப் பணி. வருமானம்: தினம் ஒரு சோடா. வசிக்கும் காலம்: தொடக்கத்திலிருந்து. வீட்டின் பரப்பு: கால் சதுர மீட்டர், நெரிசல் மிக அதிகம். வளர்ப்புப் பிராணிகள்: யானை இரண்டு, குதிரை இரண்டு, வரிக்குதிரை பதினொன்று. நெரிசலைப் பார்த்துவிட்டுத் தலைமையகத்துக் கணினி இந்தக் குடும்பத்தை 'முதல் முன்னுரிமை' என்று சிவப்பில் குறித்திருந்தது. யானைகளுக்கு உரிமம் உண்டா என்று கேட்டு வனத்துறைக்கும் ஒரு நகல் போயிருந்தது.

"அந்த எண்ணைப் பார்த்துட்டு ஊரே நாப்பத்தேழுல முடியற லாட்டரிச் சீட்டு வாங்கிச்சு," என்றார் பெரியம்மா. "எழுபத்திநாலு விழுந்துச்சு. தப்பு அவரு மேல இல்ல. அவரு உள்ளேயிருந்து பாக்கறாரு, நாம வெளியேயிருந்து பாக்கறோம்."

பக்கத்தில் எண்ணெய் சடசடத்தது. மாமரத்தடியில் ஒரு பெண் வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தாள். தேங்காயும் எள்ளும் கலந்த மாவில் தோய்த்து, பொன்னிறமாக எடுத்து, பழைய காகிதத்தில் ஒட்டிய பையில் போட்டு நீட்டினாள். வாங்கப் போனவன், அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். இவளை எனக்குத் தெரியும். ஐந்து தடவை கவுண்டருக்கு வந்தவள். ஐந்து தடவையும் அந்தக் குரலில் நான் சொல்லி அனுப்பியவள். பெயர் குலாப்.

"இவ வீடு எது?" என்று பெரியம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

மரத்துக்குப் பின்னால் கை காட்டினார். தேர்தல் முடிந்ததும் பொறுக்கிவந்த விளம்பரப் பலகைகளை மரத்தோடு சேர்த்துக் கட்டி ஒரு சாய்ப்பு. சுவர் முழுக்கத் தோற்றுப்போன வேட்பாளர்கள் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "பதினாலு வருஷமா இங்கதான் இருக்கா. நாலு தூண் இருந்தாத்தான் வீடாம், உங்க விதி. இது மரத்துல கட்டினது. அதோட அன்னிக்கு அவ பழம் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தா. விச்சியன் ஒட்டாம போயிட்டான். ஒத்தைத் தூண்ல நிக்கற வீட்டுக்கு ஒட்டினான், பாரு."

"திட்டம் வந்தா?"

"எல்லாருக்கும் வீடு வரும். இவளுக்கு மண்தள்ளி வண்டி வரும். இந்த மரத்தடியிலதான் சாக்கடைக் குழாய் போகுதாம்."

குலாப் சாமி வீட்டு வாசலில் இருந்த பழைய சோடாவை எடுத்துவிட்டுப் புதுச் சோடா வைத்தாள். உறிஞ்சுகுழலை நேராக்கினாள். வாடிய மாலையைக் கழற்றினாள். கீழே விழுந்திருந்த ஒரு வரிக்குதிரையை நிமிர்த்திவைத்துவிட்டு மறுபடி அடுப்புக்குப் போனாள். தினமும் செய்கிற வேலை என்பது கை போன விதத்திலேயே தெரிந்தது.

எனக்குப் பசி போய்விட்டது.

அலுவலகத்தில் இதைச் சொன்னபோது முதலில் எல்லாரும் சிரித்தார்கள். "இதுக்குப் போய் இத்தனை நாள் பயந்தோமா? பட்டியல்லேர்ந்து தூக்கிடுங்க," என்றார் துணை இயக்குநர். வெளிநாட்டில் பொறியியல் படித்தவர். பூசை, மந்திரம் எதையும் நம்பாதவர் என்று தாமே சொல்லிக்கொள்வார்.

கணினிப் பிரிவு ஆள் திரையைத் திருப்பிக் காட்டினார். "குடும்பத்தை நீக்கற பொத்தான் இதோ இருக்கு சார். வந்து அமுக்குங்க."

"நீங்களே அமுக்குங்களேன்."

"அமுக்கறவங்க பேரு பதிவாகும் சார். 'இன்ன குடும்பத்தை, இன்ன நிலத்திலிருந்து, இன்னார் வெளியேற்றினார்' அப்படின்னு வரும்."

பொறியியல் படித்தவர் தம் கைகள் இரண்டையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். "எனக்கொண்ணும் பயம் இல்ல. மனைவி மாசமா இருக்கா, அவ்வளவுதான்," என்றார்.

இயக்குநரிடம் போனோம். அவர் முகம் வெளுத்துவிட்டது. "நிகோம், நேத்து நான் மிரட்டச் சொன்னேனே. மிரட்டலையே நீங்க?"

"இல்ல மேடம். கும்பிட்டேன்."

"நல்லது, நல்லது. நான் திமிருன்னு சொன்னதை அவர்கிட்டச் சொல்லலையே?"

"இல்ல மேடம்."

"சரி, யாரும் பொத்தானை அமுக்காம நீக்க வேற வழி?"

இருந்தது. இறப்புச் சான்றிதழ் இருந்தால் கணினி தானாகவே நீக்கிவிடும். புதன்கிழமை வட்ட அலுவலகத்துக்குப் போனேன். அங்கே கவுண்டரில் இருந்த அம்மாள் என்னைப் போலவே அனுபவசாலி.

"எப்போ செத்தாரு?"

"சாகல. ஆனா உயிரோடவும் இல்ல."

"பிறந்த தேதி?"

"பூமி பிறந்த அன்னிக்கு."

"பிறப்புச் சான்று?"

"இல்ல."

"பிறந்ததுக்குச் சான்று இல்லாதவரு செத்ததுக்குச் சான்று கேக்கறீங்க. மொதல்ல அவரை நேர்ல வரச் சொல்லுங்க," என்று கவுண்டர் கதவை இறக்கினார். அந்தக் குரலைக் கேட்டேன். கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து கேட்கும்போது அது இவ்வளவு மோசமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வியாழக்கிழமை மத்தியானம் இயக்குநர் முடிவெடுத்தார். நீக்க முடியாது என்றால் சம்மதம் வாங்கிவிட வேண்டியதுதான். முறைப்படி. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி ஒன்பது நிமிஷத்துக்கு நல்ல நேரம் குறித்தார்கள், ஒன்பது ராசியான எண் என்று. சங்குவன் என்ற பூசகரை ஏற்பாடு செய்தார்கள். புது வீடு கட்டுகிறவர்கள், கட்டின வீட்டை இடிக்கிறவர்கள் எல்லாருக்கும் அவர்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன்.

"முட்டை வச்சுக் கேட்டுடலாம்," என்றார் சங்குவன். "கேள்வியைக் கேட்டுட்டுப் பச்சை முட்டையைத் தட்டுல நிமித்தி நிறுத்தணும். நின்னா சம்மதம். விழுந்தா இல்ல."

"எழுத்துல வேணுமே," என்றார் இயக்குநர்.

"முட்டை நிக்கறதைப் படம் எடுத்துக் கோப்புல வைங்க."

வெள்ளிக்கிழமை காலை மரப்பாலம் குடியிருப்பே மாமரத்தடியில் கூடிவிட்டது. இயக்குநர், துணை இயக்குநர், கணினிப் பிரிவு ஆள், எல்லாரும் நீலச் சீருடையில் பாயில் உட்கார்ந்தோம். வேகவைத்த பன்றித்தலை, பழங்கள், ஒன்பது சிவப்பு சோடா. நடுவில் பித்தளைத் தட்டு. பக்கத்தில் முப்பது முட்டை அடங்கிய அட்டை. எதிர்ப்பக்கம் லமியட் பெரியம்மா சம்மணமிட்டு, பூசை நடக்கிறது என்பதைக்கூடப் பார்க்காமல் மாங்காயை மிளகாய் உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். குலாப் அடுப்போரம் நின்றிருந்தாள். பட்டியலில் இல்லாதவளை யாரும் பாயில் உட்காரச் சொல்லவில்லை.

சங்குவன் மந்திரம் சொன்னார். நான் படிவத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும்.

"எண் நாற்பத்தேழு வீட்டுக்காரர் அவர்களே, தாங்கள் வரிசை வீட்டுத் திட்டத்துக்குச் சம்மதிக்கிறீர்களா?"

முட்டை விழுந்தது.

"கிழக்குப் பாத்த வீடு தரோம்," என்றார் இயக்குநர் அவசரமாக. விழுந்தது.

"மூலை வீடு?" விழுந்து உருண்டு துணை இயக்குநரின் மடியில் உடைந்தது. அவர் எழுந்து போய் மனைவிக்குப் போன் போட்டார்.

"யானை கட்ட இடம்?" என்று நானே கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. அதுவும் விழுந்தது. கால்வாய் பார்த்த பால்கனி, தனித் தண்ணீர்க் குழாய், தினம் இரண்டு சோடா, எதுவும் எடுபடவில்லை. பதினொன்றரை மணிக்கு இருபத்தாறு முட்டை காலி. உடைந்ததை வீணாக்குவானேன் என்று குலாப் அதையெல்லாம் வழித்துப்போய் ஆம்லெட் போட்டு, சோற்றோடு எல்லாருக்கும் கொடுத்தாள். சாமியின் மறுப்பைச் சாப்பிட்டுக்கொண்டே நாங்கள் யோசித்தோம். இயக்குநரின் கண்கள் கடிகாரத்திலேயே இருந்தன. அறுபத்தொரு குடும்பங்களும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. முட்டையைப் பார்த்துச் சிரித்தவர்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை.

அப்போது குலாப் என்னிடம் வந்து ஒரு காகிதப் பையை நீட்டினாள்.

"வேண்டாம்மா, இப்பத்தான் சாப்பிட்டேன்."

"போன தடவையும் வாங்காமதான் போனீங்க சார். உள்ளே பழம் இல்ல. பையைப் படிங்க."

பையைத் திருப்பினேன். எங்கள் அலுவலகத்தின் பழைய காகிதக் கழிவைக் கிலோ கணக்கில் வாங்கித்தான் இந்த ஊரில் பாதி வாழைப்பழப் பைகள் ஒட்டப்படுகின்றன. இது எங்கள் விதிப்புத்தகத்தின் ஒரு பக்கம். அந்தப் புத்தகம் அலுவலகத்தில் யாரிடமும் இல்லை, பல வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். பசை ஒட்டிய ஓரத்தை விலக்கிப் படித்தேன்.

'விதி பதினான்கு. கையெழுத்திட இயலாத நிலையில் உள்ள வீட்டுக்காரருக்காக, அதே இடத்தில் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் உடனிருந்து பணிவிடை செய்து வருபவர் கையெழுத்திடலாம். அவரும் அவ்வீட்டில் குடியிருக்கும் உரிமை உடையவராவார். வீட்டுக்காரரின் சம்மதம் வாய்மொழியாகவோ சைகையாலோ இருப்பின் போதுமானது.'

"உங்களுக்கு இது எப்படிம்மா தெரியும்?" என்றார் இயக்குநர்.

"ராத்திரி பகல்னு பை ஒட்டறேன். ஒட்டறதையெல்லாம் படிப்பேன்," என்றாள் குலாப். "உங்க விதி நூத்திரெண்டு வரைக்கும் எனக்குத் தெரியும். நூத்திமூணுல யாரோ காப்பி கொட்டியிருக்காங்க. நான் பதினாலு வருஷமா அவருக்கு விளக்கேத்தறேன், பெருக்கறேன், தண்ணி வைக்கறேன். அவரு கையெழுத்துப் போட முடியாதவருதானே? எனக்குச் சொந்தமா ஒரு வீடு குடுங்கன்னு நான் கேக்கல. அவரு வீட்டுல ஒரு ஓரத்துல இருந்துக்கறேன். நாளைக்கு வண்டி வந்தா எனக்குப் போக்கிடம் இல்ல சார்."

கடைசி வாக்கியத்தில் மட்டும் குரல் உடைந்தது. எண்ணெய்க் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இயக்குநர் என்னைப் பார்த்தார். விதி பிரிவு மூன்றாம் மாடி, சம்மதம் நான்காம் மாடி. வழக்கம்போலக் கைமாறி வந்து கடைசியில் என்னிடம் நின்றது. ஆனால் இந்த முறை எனக்கு எரிச்சல் வரவில்லை.

"விதி சரியா இருக்கு மேடம்," என்றேன். "வீட்டுக்காரர் தலையாட்டினாப் போதும்."

"முட்டை எத்தனை இருக்கு?"

"நாலு."

சங்குவன் இரண்டு போனையும் அணைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் முறையாக உண்மையிலேயே பயபக்தியோடு இருந்தார். நான் கேட்டேன்: "வீட்டுக்காரர் அவர்களே, குலாப் தங்கள் சார்பில் கையெழுத்துப் போடவும், தங்களோடு குடியிருக்கவும் தங்களுக்குச் சம்மதமா?"

முதல் முட்டை விழுந்தது. குலாப் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தட்டு ஈரமா இருக்கு, தொடைச்சுக் குடுக்கறேன்," என்று லமியட் பெரியம்மா குனிந்தார். தம் தோள்துண்டால் தட்டைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். மாங்காய் வைத்திருந்த கை. துடைத்து முடித்து, என் பக்கம் தள்ளினார்.

இரண்டாவது முட்டையைச் சங்குவன் நிறுத்தினார். விரலை எடுத்தார்.

நின்றது.

காற்று வீசியது, மாவிலை ஒன்று தட்டின் ஓரத்தில் விழுந்தது. முட்டை அசையவில்லை. அறுபத்தொரு குடும்பமும் ஒரே குரலில் கத்தியதில் மரத்திலிருந்த மைனாக்கள் எல்லாம் கிளம்பிப் போயின. கணினிப் பிரிவு ஆள் பதினேழு படம் எடுத்தார். துணை இயக்குநர், பூசை எதையும் நம்பாதவர், தரையில் நெற்றி பட விழுந்து கும்பிட்டார்.

நான் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தேன். முட்டையின் அடியில் ஒரு சின்னக் குவியல் இருந்தது. பருபருவென்று, இளஞ்சிவப்பாக. மாங்காய்க்குத் தொட்டுக்கொள்கிற மிளகாய் உப்பு. நிமிர்ந்து பெரியம்மாவைப் பார்த்தேன். அவர் மாமரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிகோம், அது என்ன செவப்பா?" என்று இயக்குநர் கழுத்தை நீட்டினார்.

இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஒரு காற்புள்ளியைக்கூட விதிக்கு மாறாக விட்டவனில்லை. வாயைத் திறந்தேன். அந்தப் பழைய குரல் தொண்டைக்குள் தயாராகத்தான் இருந்தது. குலாப் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. முட்டை நின்றது அவளுக்குத் தெரியாது. எதற்குக் கத்தினார்கள் என்று பார்க்கவும் துணிவில்லை போல. கை மட்டும் மாலையின் ஒரு சாமந்தியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"சிவப்பு சோடா மேடம்," என்றேன். "சிந்திக் காஞ்சிருக்கு."

"ஓ. அவரே தொட்ட சோடாவா?" என்று இயக்குநர் கும்பிட்டார்.

குலாப் கையெழுத்துப் போட்டாள். 'எண் 47 வீட்டுக்காரருக்காக' என்று என் கையால் எழுதி, அதற்கு அடியில் அவள் பெயர். எழுத்து அழகாக இருந்தது. அழுதுகொண்டே போட்டாள், காகிதத்தில் ஒரு சொட்டு விழுந்து மை பரவியது. மூன்றே முக்காலுக்குக் கோப்பு அமைச்சகத்தில் இருந்தது. உள்ளே ஒரு முட்டையின் பதினேழு படங்களும், எண்ணெய்க் கறை படிந்த வாழைப்பழப் பை ஒன்றும், சட்ட ஆதாரமாக.

திரும்பும்போது படகுத்துறையில் பெரியம்மாவைத் தனியாகப் பிடித்தேன். "ஏன் பெரியம்மா, சாமி காரியத்துல இப்படிச் செய்யலாமா?"

"நான் என்னடா செஞ்சேன்? எனக்குக் கைநடுக்கம். உப்பு கொட்டிடுச்சு."

"சரியா அந்த எடத்துலயா?"

"கொட்டினது நான். கொட்ட வச்சது யாரு?" என்று சொல்லிவிட்டு ஒரு துண்டு மாங்காயை என் வாயில் திணித்தார்.

ஒன்பது மாசம் கழித்து வரிசை வீடுகள் திறந்தன. மாமரத்தை வெட்டவில்லை. முதல் முன்னுரிமைக் குடும்பத்தின் வாசலில் சாக்கடைக் குழாய் போடக் கூடாது என்று கணினியே மறுத்துவிட்டது. நாற்பத்தேழாம் எண் வீட்டின் முன்னால் அதே ஒற்றைத் தூணில் சாமி வீடு. அதற்கும் நாற்பத்தேழு, பின்னால் நான்கு மீட்டர் அகலத்தில் இருக்கிற வீட்டுக்கும் நாற்பத்தேழு. வாசலில் குலாப்பின் அடுப்பு. வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. முட்டை நின்ற இடத்து வாழைப்பழம் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்களாம்.

நானும் வரிசையில் நின்றேன். முக்கால் மணி நேரம். என் முறை வந்ததும் குலாப் நிமிர்ந்து பார்த்தாள். சட்டியில் பழம் நிறைய இருந்தது.

"பட்டியல் மூடியாச்சு சார்," என்றாள்.

கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. அச்சு அசல் என் குரல். ஐந்து தடவை கேட்டவள் அல்லவா? பின்னால் நின்றவர்கள் புரியாமல் பார்த்தார்கள். எனக்குக் காது வரைக்கும் சுட்டது. மறுபேச்சு என்ன இருக்கிறது? கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன்.

"எங்க போறீங்க? நில்லுங்க," என்று கூப்பிட்டாள். சட்டியிலிருந்து சூடாக எட்டுத் துண்டு அள்ளி, ஒரு பையைத் தேடி எடுத்துப் போட்டுக் கொடுத்தாள். மற்றவர்களுக்குக் கொடுத்த கட்டிலிருந்து அல்ல, அடியில் தனியாக மடித்து வைத்திருந்த பை.

ஒரு துண்டைக் கடித்துக்கொண்டே பையைத் திருப்பினேன். எங்கள் மனுப் படிவம். மேலே அவளுடைய அழகான கையெழுத்தில் பெயரும், 'வீட்டு எண் இல்லை' என்ற வரியும். கீழே என் கிறுக்கல்: 'பட்டியல் மூடப்பட்டது. நிராகரிக்கப்படுகிறது. நிகோம்.' எண்ணெய் ஊறி என் பெயர் அந்தப் பக்கம் தெரிந்தது.

"பழம் எப்படி இருக்கு சார்?"

"சுடுது," என்றேன்.

"மெதுவாத் தின்னுங்க. இன்னும் நாலு பை இருக்கு," என்றாள் குலாப். பிறகு சாமியின் சோடாவில் உறிஞ்சுகுழலை நேராக்கிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.